இன்மையும் போதாமையும்: ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் பொருள் வேறுபாடு

ஒரு பொருள் குறித்த பல சொற்கள் ஒரு மொழியிற் பயிலுதல் இயல்பு. அவை முற்றும் ஒரே பொருளன அல்ல. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு நிற்கும். அவ்வெல்லையைக் கண்டு காட்டுதல் சொல்லாராய்ச்சியின் பயன்களுள் ஒன்று. இத்துறையில் நம் உரையாசிரியர்கள் காட்டிய நுண்மையை யாவரும் அறிவர். ஆயினும், பிறமொழிச் சொற்களைத் தமிழாக்கப் புகும்பொழுது அந்நுண்மையைப் பெரும்பாலும் கைநெகிழ விட்டுவிடுகின்றோம். ‘ஸ்கேர்சிட்டி’, ‘ஷார்ட்டேஜ்’, ‘டெர்த்’, ‘வான்ட்’, ‘லாக்’, ‘பாஸிட்டி’, ‘டெஃபிஷியன்சி’, ‘இன்சஃபிஷியன்சி’, ‘இனாடிக்வசி’ என ஆங்கிலத்தில் வேறுவேறாக வழங்கும் சொற்கள் பல, தமிழிற் புகுந்தவுடன் ‘பற்றாக்குறை’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடக் காண்கின்றோம்.

இதனால் நேரும் இழப்பு நடையழகைச் சார்ந்தது மட்டுமாயின் ஒருவாறு பொறுக்கலாம். அவ்வாறன்று. இச்சொற்கள் சட்டத்திலும் பொருளியலிலும் மருத்துவத்திலும் வழங்குவன. உணவின்றி வாடும் மக்களுக்கு அரசு செய்ய வேண்டுவது யாது என்பது சில காலங்களில் இவற்றுள் எச்சொல் ஆளப்பட்டது என்பதனோடு தொடர்புற்றிருந்தது. ஆதலின் இவற்றின் வேறுபாட்டை ஆராய்தல் வெறும் அகராதிப் பணியன்று.

இச்சொற்களைப் பகுத்தறிய நான்கு வினாக்கள் துணைபுரியும். ஒரு சொல் குறிப்பது பொருளின் நிலையா, அப்பொருள் இல்லாத ஆளின் நிலையா? அக்குறை எந்த அளவைக் கொண்டு அளக்கப்படுகின்றது? அதற்குரிய காரணத்தை அச்சொல் யார்மேல் ஏற்றுகின்றது? அச்சொல்லை ஆளுதலால் யாருக்கேனும் கடமை பிறக்கின்றதா? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

1. சொற்பிறப்புக் காட்டும் வேறுபாடு

‘டெர்த்’ என்பது விலைமிகுதியைக் குறிக்கும் ‘டியர்’ என்னும் சொல்லடியாகப் பிறந்தது. அன்புக்குரியது என்னும் பொருளும் அவ்வடிச்சொல்லுக்கு உண்டு. எனவே தொடக்கத்தில் ‘டெர்த்’ விலையேற்றத்தைச் சுட்டிப் பின்னர் அதற்குக் காரணமாகிய உணவுக்குறையைச் சுட்டலாயிற்று. இக்காலத்தில் எப்பொருளின் அருமைக்கும் அது வழங்கும். தமிழில் ‘அருமை’ என்னும் சொல் எளிதிற் கிட்டாமையையும் மதிப்பினையும் ஒருங்கே உணர்த்துதல் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியிற் சென்றுள்ளன.

‘ஸ்கேர்சிட்டி’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அதன் இலத்தீன் மூலம் பறித்தெடுக்கப்பட்டது, பொறுக்கியெடுக்கப்பட்டது என்னும் கருத்துடையது. பலர் வேண்டும் ஒரு பொருள் சிறிதளவே உளதாதலை அது குறிக்கும். அது பொருளைப் பற்றிய சொல், ஆளைப் பற்றியதன்று. அரிசி ‘ஸ்கேர்ஸ்’ ஆகலாம். பசித்தவன் ‘ஸ்கேர்ஸ்’ ஆகான்.

‘வான்ட்’ இதற்கு மறுதலை. பழைய நார்சு மொழியிலிருந்து வந்த இச்சொல்லின் முதற்பொருள் இல்லாதிருத்தல் என்பதே. விரும்புதல் என்னும் பொருள் பின்னரே தோன்றியது. இல்லாதவன் வேண்டுவான் ஆகலின் இப்பொருள் வளர்ச்சி இயல்பே. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்து முதலடியில் இச்சொல் பழம்பொருளிலேயே நிற்கின்றது. அதனை ஆசைப்படுதல் எனக் கொள்வார்க்கு அவ்வடியின் கருத்துத் திரிந்துபோம். பிற்காலப் பெயர்ப்புகள் சில அவ்விடத்தில் ‘லாக்’ என்னும் சொல்லை ஆள்கின்றன. ‘வான்ட்’ பெயராக நிற்கையில் ஆளின் வாழ்நிலையைக் குறிக்கும். 1941இல் ரூசுவெல்ட் கூறிய நால்வகை உரிமைகளுள் ஒன்றும், 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை எண்ணிய ஐம்பெரும் பகைகளுள் ஒன்றும் இச்சொல்லாலேயே வழங்கின. அவ்விடங்களிற் பேசப்படுவது சந்தையிற் சரக்கில்லாமையன்று. மனிதன் கையில் ஒன்றுமில்லாமை.

‘லாக்’ இவை எல்லாவற்றினும் பொதுவானது. இன்மை ஒன்றையே அது கூறும். அளவையும் காரணத்தையும் கூறாது. ‘பாஸிட்டி’ சிலவாதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியது. எண்ணிக்கையின் சிறுமை அதன் உயிர்நிலை. ‘ஷார்ட்டேஜ்’ இவற்றுள் மிக இளையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வழக்கில் தோன்றிய அது, குறித்த ஓர் அளவினின்றும் குறைந்துபோதலைக் கணக்கர் முறையிற் சொல்லும்.

இனி, எஞ்சிய மூன்றும் ஓர் அளவுகோலை உட்கொண்டவை. ‘டெஃபிஷியன்சி’ என்பதன் அடி கைவிடுதல், தவறிப்போதல் என்னும் பொருளது. முழுமைக்கு இன்றியமையாத உறுப்பொன்று அதனினின்றும் விடுபட்டமையை அது காட்டும். ‘இன்சஃபிஷியன்சி’ ஒரு பயனை நோக்கியது. உள்ள பொருள் அப்பயனுக்குப் போதாது என்பதே அதன் கருத்து. ‘இனாடிக்வசி’ சமமாக்கப்படாமை என்னும் அடியினது. எதிர்நிற்கும் பணிக்கு ஈடுகொடுக்க மாட்டாமையை உணர்த்தும். இதனாலேயே மனிதன் தன்னைப் பற்றிக் கொள்ளும் தாழ்வுணர்ச்சிக்கும் அச்சொல் பொருந்துகின்றது.

2. நாடகங்களில் இச்சொற்கள்

சொற்பிறப்பு ஒரு சொல்லின் பிறந்தகத்தைக் காட்டும். அதன் வாழ்க்கையைக் காட்டாது. வாழ்க்கையை அறிய இலக்கியத்தை நாடவேண்டும்.

சேக்சுபியர் 1608ஆம் ஆண்டளவில் இயற்றிய ‘கொரியோலேனஸ்’ பசித்த குடிமக்களின் கிளர்ச்சியோடு தொடங்குகின்றது. 1607இல் இங்கிலாந்தின் நடுநாட்டு மாவட்டங்களில் உழவர் கிளர்ச்சி நிகழ்ந்தது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. புளூட்டார்க்கின் வரலாற்றில் உரோமக் குடிகளின் முதற் கிளர்ச்சிக்குக் காரணம் கடன்வட்டிக் கொடுமை. சேக்சுபியர் அதனைப் பின்னே தள்ளித் தானியத்தை முன்னே வைத்தார்.

முதற் காட்சியில் மெனீனியஸ் என்னும் மேற்குலத்தான் மக்களைத் தணிவிக்க முயல்கின்றான். இவ்விடரை அவன் ‘டெர்த்’ என்னும் பெயர்ச்சொல்லாற் கூறி, அது தேவர் செயலேயன்றி மேற்குலத்தார் செயலன்று என வாதிடுகின்றான். குடிமகன் விடைகூறும்பொழுது அப்பெயர்ச்சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. பட்டினியால் மாய்தலைக் குறிக்கும் ‘ஃபாமிஷ்’ என்னும் வினையை எடுத்துக்கொண்டு, களஞ்சியங்கள் நிறைந்திருக்கத் தம்மைப் பட்டினியில் மாயவிட்டவர் மேற்குலத்தாரே எனக் குற்றஞ்சாட்டுகின்றான். பெயர்ச்சொல்லுக்குச் செய்வோன் வேண்டா, வினைக்கு வேண்டும். மெனீனியஸ் வினைமுதலை மறைக்கும் சொல்லைத் தேர்ந்தான். குடிமகன் அதனை வெளிக்கொணரும் சொல்லைத் தேர்ந்தான். வழக்கின் தோற்றுவாய் முழுதும் இவ்விரு சொற்களின் எதிர்ப்பில் அடங்கியுள்ளது.

இதனினும் நுண்ணியது ஒன்று உண்டு. மெனீனியஸ் வருமுன்னரே அக்குடிமகன், மேற்குலத்தார் தங்களைப் பேணுதற்கு மிக்க விலையுடையவராகக் கருதுகின்றனர் என்னும் கருத்துப்பட ‘டியர்’ என்னும் சொல்லை ஆள்கின்றான். தானியத்தின் விலையைக் குறித்த சொல் மனிதன்மேற் சென்று ஏறுகின்றது. ‘டெர்த்’ என்பதன் அடிச்சொல் இதுவே என்பதை உணர்ந்து கற்பார்க்கே இந்நயம் புலனாகும். இரண்டிடத்தும் ‘பற்றாக்குறை’, ‘குறை’ எனப் பெயர்த்தால் காட்சியின் நரம்பு அறுந்துபோம்.

பெர்னாட்சாவின் ‘மனிதனும் மீமனிதனும்’ (1903) என்னும் நாடகத்தின் நான்காம் அங்கத்தில் மற்றொரு சான்று கிடைக்கின்றது. அயர்லாந்தினின்றும் அமெரிக்கா சென்று பெருஞ்செல்வனான மலோன், தன் தந்தை 1847இல் உணவின்றி இறந்ததைக் கூறுகின்றான். கேட்ட பெண் அதனைப் பஞ்சம் எனப் பெயரிட, அவன் அப்பெயரை மறுத்துப் பட்டினி என்னும் சொல்லையே வற்புறுத்துகின்றான். உணவு நிறைந்து அதனை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நாட்டில் பஞ்சம் என்பது இருத்தல் இயலாது என்பது அவன் வாதம். ‘ஃபாமின்’ நாட்டின்மேல் நிற்கும் சொல். ‘ஸ்டார்வேஷன்’ உடம்பின்மேல் நிற்கும் சொல். நாட்டின்மேற் பழியை ஏற்றி உடம்பை மறந்துவிடுதற்கு அவன் இசையவில்லை.

3. பொருளியல் வழக்கு

ஆதம் சுமித்து ‘நாடுகளின் செல்வம்’ (1776) என்னும் நூலில் தானிய வாணிகத்தை ஆராயுமிடத்து ‘டெர்த்’, ‘ஃபாமின்’ ஆகிய இரண்டனையும் பிரித்துக் காட்டினார். முன்னையது விளைவுக்குறையாற் பெரிதும் நேர்வது எனவும், பின்னையது அதனைத் தகாத முறையில் தடுக்கப் புகுந்த அரசின் வன்செயலால் நேர்வது எனவும் அவர் கருதினார். இக்கருத்து உண்மையா என்பது வேறு வினா. ஒரு கொள்கை முழுதும் இரு சொற்களின் பிரிவின்மேல் எழுப்பப்பட்டது என்பதே நாம் கருதற்பாலது.

இருபதாம் நூற்றாண்டில் ‘ஸ்கேர்சிட்டி’ மேலும் விரிந்தது. இலயனல் இராபின்சு 1932இல் வெளியிட்ட நூலில், பல்வேறு பயன்களுக்கு உதவக்கூடிய அருமைப்பட்ட வழிவகைகளுக்கும் மனிதர் குறிக்கோள்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே பொருளியல் என வரையறுத்தார். இதன்படி ‘ஸ்கேர்சிட்டி’ ஓர் இடுக்கண் அன்று. மனித வாழ்வின் மாறா இயல்பு. செல்வன் வீட்டிலும் காலம் ‘ஸ்கேர்ஸ்’ ஆனதே. ‘ஷார்ட்டேஜ்’ அத்தகையதன்று. நிலவும் விலையில் வாங்க விரும்புவோர் வேண்டும் அளவினும் விற்க வரும் அளவு குறைந்திருத்தலே பொருளியலார் கூறும் ‘ஷார்ட்டேஜ்’. விலை மாறின் அது நீங்கலாம். முன்னையது நீங்காதது, பின்னையது நீக்கத்தக்கது. இரண்டனையும் பற்றாக்குறை என எழுதும் பாடநூலைப் பயிலும் மாணவன், நீக்கத்தக்க தட்டுப்பாட்டை உலக இயற்கை என மயங்குதற்கு இடமுண்டு.

4. ஆட்சி வழக்கு

இச்சொற்கள் உயிரொடு தொடர்புறும் இடம் இதுவே.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தென்னாட்டின் பிற பகுதிகளையும் பெரும்பஞ்சம் வருத்தியது. 1877இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு தெம்பிள் நிவாரணப் பணியாளர்க்குரிய கூலியைக் குறைத்து, வளர்ந்த ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என வகுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராகிய மருத்துவர் கார்னிசு, அவ்வளவு உழைக்கும் உடம்பைத் தாங்காது என எதிர்த்தார். பின்னர் அவ்வாண்டிலேயே அளவு உயர்த்தப்பட்டது. இவ்வழக்கினை நம் சொற்களால் விளக்கலாம். தெம்பிள் நோக்கியது ‘ஸ்கேர்சிட்டி’. இருப்பதும் செலவும் அவர் கணக்கு. கார்னிசு நோக்கியது ‘இன்சஃபிஷியன்சி’. உண்பவன் உயிர்வாழ்தல் அவர் கணக்கு. இருவரும் ஒரே ஒரு பவுண்டினைப் பற்றியே பேசினர். எனினும் வேறுவேறு அளவுகோல்களை ஏந்தி நின்றனர்.

அப்பஞ்சத்தின் பின்னர் அமைந்த குழுவின் அறிக்கை 1880இல் வெளிவந்தது. அதன் வழியே பஞ்ச விதித்தொகுப்புகள் மாகாணந்தோறும் எழுந்தன. பஞ்சம் என அறிவித்தலோடு அரசுக்குக் குறித்த கடமைகள் பிறந்தன. ‘ஸ்கேர்சிட்டி’ அதனினும் தாழ்ந்த படியாகக் கொள்ளப்பட்டது. எனவே சொல் இங்கே ஆணையின் தன்மை பெற்றது.

1943இல் வங்காளத்தில் மக்கள் இலக்கக்கணக்கில் மடிந்தபொழுதும் விதித்தொகுப்பின்படி பஞ்சம் அறிவிக்கப்படவில்லை. விதித்த அளவு உணவை அளிக்கத் தம்மிடம் இருப்பில்லை என்பது ஆளுநர் வைசிராய்க்குத் தெரிவித்த காரணம். கடமையை நிறைவேற்ற இயலாமையாற் கடமையை உண்டாக்கும் சொல்லையே சொல்லாது விட்டனர். 1945இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை இறந்தோர் தொகையை ஏறத்தாழ 15 இலட்சம் என மதித்தது. அரிசி வரத்துக் குறைவை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் நூலில் இதனை மறுத்தார். 1943இல் இருந்த உணவு முந்திய ஐந்தாண்டுகளின் சராசரியினும் ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு எனவும், பஞ்சம் நேராத 1941இனும் 13 விழுக்காடு மிகுதி எனவும் அவர் கணக்கிட்டார். இறந்தோர் தொகை 30 இலட்சத்தை ஒட்டியது என்பது அவர் மதிப்பு. அவர் கணக்கினை மறுத்த அறிஞரும் உளர். ஆயின் அவர் நூலின் தொடக்கத்தில் நிறுவிய வேறுபாடு அசைக்கலாகாதது: உண்ணப் போதிய உணவு சிலருக்கு இல்லாதிருத்தல் வேறு, உண்ணப் போதிய உணவே நாட்டில் இல்லாதிருத்தல் வேறு. பின்னையது முன்னையதற்கு ஒரு காரணமாகலாம். அதுவே முன்னையது ஆகாது. இது ‘வான்ட்’, ‘ஸ்கேர்சிட்டி’ என்னும் இரு சொற்களிடையே நாம் மேலே கண்ட வேறுபாடேயன்றிப் பிறிதன்று.

இதனாற் சொல்லே யாவும் செய்யும் எனக் கொள்ளுதல் மிகையாம். மகாராட்டிர அரசு 1963இல் ஒரு சட்டம் இயற்றித் தன் சட்டங்களினின்றும் ‘ஃபாமின்’ என்னும் சொல்லை நீக்கி, அவ்விடத்தில் ‘ஸ்கேர்சிட்டி’ என்பதை அமைத்தது. சொல்லை நீக்கிப் பொருளை நீக்கியதாகக் காட்டும் செயல் என இதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும், 1972–73இல் அங்குக் கடும் வறட்சி நேர்ந்தபொழுது நிவாரணப் பணிகளில் ஒரு காலத்தே ஏறத்தாழ 50 இலட்சம் பேர் அமர்த்தப்பட்டனர். மென்மையான சொல்லின் கீழும் கடமை நிறைவேறியது. 1943இல் நேர்ந்த கேடு ஒரு சொல் விடுபட்டமையால் மட்டும் விளைந்ததன்று. அச்சொல்லோடு பிணைந்த கடமை விடுபட்டமையால் விளைந்தது. இக்காலத்துப் பன்னாட்டு அமைப்புகள் பஞ்சத்தை எண்களால் வரையறுப்பதும் இதுபற்றியே. குறைந்தது 20 விழுக்காடு குடும்பங்கள் கொடிய உணவின்மையுற்று, குழந்தைகளுள் 30 விழுக்காட்டினர் கடும் ஊட்டக்கேடுற்று, நாளொன்றுக்குப் பதினாயிரவருள் இருவர் இறக்கும் நிலையே பஞ்சம் எனப்பட்டது. 2011 சூலையில் சோமாலியாவின் இரு பகுதிகளில் பஞ்சம் நிலவுவதாக ஐக்கிய நாடுகள் அறிவித்தது.

5. மருத்துவ வழக்கு

மருத்துவத்தில் ‘டெஃபிஷியன்சி’, ‘இன்சஃபிஷியன்சி’ ஆகிய இரண்டும் தெளிவாகப் பிரிந்து வழங்கும். உடம்புக்கு வேண்டிய ஊட்டப்பொருளொன்று விடுபட்டதாயின் முன்னையது. 1912இல் காசிமிர் ஃபங்கு வைட்டமின் என்னும் பெயரை வழங்கியபொழுது, சில நோய்கள் கிருமி புகுதலால் அல்லாமல் ஒரு பொருள் இல்லாமையால் வருவன என்னும் கருத்து வலுப்பெற்றது. உறுப்பு இருந்தும் தன் தொழிலைத் திறம்படச் செய்ய மாட்டாதாயின் பின்னையது. சிறுநீரகமும் இதயத் தடுக்கிதழ்களும் இவ்வாறு கூறப்படும். ஒன்று பொருளின் குறைபாடு. மற்றொன்று செயலின் போதாமை. மருந்தும் வேறாம்: முன்னையதற்கு இல்லாததைக் கொடுத்தல், பின்னையதற்கு உள்ளதைத் தாங்குதல்.

வைட்டமின் டி பற்றிய வழக்கில் இவ்விரு சொற்களும் வகைவேறுபாட்டை விட்டுப் படிவேறுபாட்டைக் குறிக்கலாயின. அமெரிக்க நாளமில்சுரப்பியியல் கழகத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறை, இரத்தத்தில் மில்லி லிட்டருக்கு 20 நானோ கிராமுக்குக் கீழ்ப்பட்டதை ‘டெஃபிஷியன்சி’ எனவும், 21 முதல் 29 வரை உள்ளதை ‘இன்சஃபிஷியன்சி’ எனவும் வகுத்தது. 2024இல் அக்கழகமே அவ்வெல்லைகளைத் தாம் இனி வற்புறுத்துவதில்லை என அறிவித்தது. ஒரு சொல்லின் எல்லை நகர்ந்தவழி நோயாளி எனப்பட்டார் பலர் நோயிலார் ஆவர். பெயரிடுதலின் பொறுப்பு இத்தகையது.

6. தமிழாக்கம்

இவ்வேறுபாடுகளைத் தமிழில் அமைத்தல் இயலாது என்பார் உளராயின் அவர் தமிழின் சொல்வளத்தை எண்ணிப் பார்த்திலர். ‘லாக்’ என்பதற்கு இன்மை என்பதே போதும். ‘வான்ட்’ ஆளின் நிலையாகலின் வறுமை, நல்குரவு, இல்லாமை என்பன இடம் நோக்கி அமையும். திருக்குறளின் 105ஆம் அதிகாரம் நல்குரவு என்னும் பெயரது; அது பேசுவது பொருளின் அருமையையன்று, இல்லாதவன் படும் பாட்டினையே. இலம்பாடு என்னும் பழஞ்சொல்லும் உண்டு. இலம் என்னும் சொல் படு என்பதனோடு புணரும் முறைக்குத் தொல்காப்பியர் தனியே விதி வகுத்தமை அச்சொல்லின் தொன்மையைக் காட்டும். ‘பாஸிட்டி’ என்பதற்குச் சின்மை பொருந்தும். ‘ஸ்கேர்சிட்டி’ என்பதற்கு அருமைப்பாடு எனலாம். அருகிய வழக்கு என இலக்கணத்தார் கூறுமிடத்து இவ்வடியே இப்பொருளில் நிற்றல் காண்க. ‘ஷார்ட்டேஜ்’ என்பதற்குத் தட்டுப்பாடு என்னும் மக்கள் வழக்கே சாலும். ‘டெர்த்’ பழைய நூல்களில் விலையேற்றத்தோடு கூடிய உணவருமை எனவும், பின்னை வழக்கில் அருமை எனவும் பெயர்த்தற்குரியது. ‘டெஃபிஷியன்சி’ குறைபாடு, ‘இன்சஃபிஷியன்சி’ போதாமை, ‘இனாடிக்வசி’ ஈடுகொடாமை. ‘ஃபாமின்’ பஞ்சம். வற்கடம் என்பது வறண்ட வானத்தை நினைவூட்டுவதாகலின், மழை பொய்த்தமையாற் போந்த பஞ்சத்துக்கு அதனை ஒதுக்கி வைத்தல் நன்று. 1943இன் பஞ்சத்துக்கு அது பொருந்தாது.

‘பற்றாக்குறை’ பயனற்ற சொல்லென விலக்க வேண்டுவதன்று. வரவு செலவுத் திட்டத்தில் வரவினும் செலவு மிகுந்தவழி அதுவே தக்க சொல். தன் இடத்தில் நில்லாது பிற சொற்களின் இடத்தையும் பற்றிக்கொள்ளுதலே அதன்பால் உள்ள குற்றம்.

இனி, ஆங்கிலேயரே பேச்சுவழக்கில் இச்சொற்களை ஒன்றன் இடத்தில் ஒன்றாக ஆள்கின்றனரே, நமக்கு மட்டும் இவ்வரையறை எற்றுக்கு எனின், உண்மையே. பேச்சில் எல்லைகள் நெகிழும். ஆயின் சட்டம் எழுதுவோனும் மருத்துவனும் நாடகக் கலைஞனும் அவ்வெல்லைகளின்மேல் நின்றே தத்தம் தொழிலைச் செய்கின்றனர். பெயர்ப்பவன் மூலத்தில் எல்லை நெகிழ்ந்துள்ளதா, நிலைத்துள்ளதா என்பதை ஒவ்வோரிடத்தும் ஆராய்ந்தே சொல் தேர்தல் வேண்டும். நிலைத்த எல்லையை அழித்தலும், இல்லாத எல்லையை அமைத்தலும் ஒப்பப் பிழையாம்.

மேற்கூறியவற்றாற் பெறப்படுவது இது. குறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அளவினால் மட்டும் வேறுபடுவன அல்ல. யாருடைய குறை, எதற்குப் போதாத குறை, யாரால் வந்த குறை என்பவற்றாலும் வேறுபடுவன. உணவு அருகியது என்பானும், மக்கள் பசித்தனர் என்பானும், மக்களைப் பசிக்க விட்டனர் என்பானும் ஒரு நிகழ்ச்சியையே கூறலாம். ஆயினும் மூவர் கூற்றும் ஒன்றல்ல. அம்மூன்றனையும் ஒரு சொல்லாற் பெயர்ப்பவன், தான் அறியாமலே மெனீனியஸின் பக்கம் சார்ந்தவன் ஆவான்.